செக்குபந்தி

காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில்
பத்திரம் தட்டச்சு செய்கிறவள் நான்.
பதினொரு வருஷம்.
ஊர் நிலத்தையெல்லாம் கைமாற்றிவிட்டிருக்கிறேன்,
என் பேரில் ஒரு சதுர அடி இல்லை.

இருந்தது ஒரு படம்.
சொத்து விவரம்:
வேலூர்க் கோட்டைக்கு வெளியே பூங்கா, காலை,
மஞ்சள் சுடிதார், பறக்கிற துப்பட்டாவை
ஒரு கையால் அமுக்கிப் பிடித்த சிரிப்பு.
இதற்குச் செக்குபந்தி:
மேற்கே அகழித் தண்ணீர்,
வடக்கே இளநீர் வண்டியின் பாதிச் சக்கரம்,
தெற்கே யாரோ ஒருவருடைய முழங்கை,
கிழக்கே படம் எடுத்த என் தங்கை
வனமயிலின் நிழல்.
இந்த நான்கெல்லைக்குள் அடங்கியது
நான்.

போன ஆடியில் அந்தச் சிரிப்பு
ஒரு கடன் செயலியின் விளம்பரத்தில் வந்தது.
பெயர் கவிதா, ஊர் கோவை.
'ஐந்தே நிமிடத்தில் பணம்!
என் பையனின் ஃபீஸ் கட்டிவிட்டேன்.'
எனக்குப் பையன் இல்லை.
கோவைக்கு ஒரே தரம் போயிருக்கிறேன், மழையில்,
பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

புகார் கொடுத்தேன்.
டீ ஆறுவதற்குள் பதில்:
'பரிசீலித்தோம். இது எங்கள் சமூகத் தரநிலைகளை மீறவில்லை.'
எந்தச் சமூகம் என்று எழுதவில்லை.
சைபர் பிரிவில் இருந்தவர்
'படத்தைப் போட்டது யாரு?' என்றார்.
நான்தான்.
'அப்புறம்?'

அந்த அப்புறத்தோடு வீட்டுக்கு வந்து
ஒப்பந்தத்தைத் திறந்து படித்தேன்.
உலகெங்கும் செல்லுபடியாகிற, பிறருக்கு மாற்றத்தக்க,
கட்டணமில்லாத உரிமம்.
புரியாத பாஷை இல்லை. நான் தினமும் அடிக்கிறதுதான்:
தானாதி வினியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய்
சர்வ சுதந்திர பாத்தியத்துடன்
என்றென்றைக்கும் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

ஆனால் இங்கே
அறுநூறு சதுர அடிக்கே இரண்டு சாட்சி வேண்டும்.
முப்பது வருஷ வில்லங்கம் பார்க்க வேண்டும்.
மனசு ஒத்துத்தான் எழுதித் தருகிறாயா என்று
முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்க வேண்டும்.
நான் சித்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு
ஒரு கையில் கம்பி, மறு கைப் பெருவிரலால்
ஒப்புக்கொள்கிறேன்.
மைகூட ஒட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை யாரும் பத்திரம் போட மாட்டார்கள்.
போட்டால் கழுத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.
லத்தேரியிலிருந்து வந்தார் முனிரத்தினம்,
லோடு ஏற்றுகிறவர், மூணே முக்கால் சென்ட்.
தாய்ப்பத்திரத்தை நீட்டின கை அப்படியே நின்றது.
'நீங்க கவிதா மேடம்தானே?
உங்க முகத்தைப் பாத்துதான் தைரியமா அமுக்கினேன்.'

எட்டாயிரம் வாங்கி எழுபதாகிவிட்டது.
கட்டாத வாரத்தில்
அவர் போனிலிருந்த தேசம்மாளின் தலையை மட்டும் எடுத்து
வேறோர் உடம்பில் ஒட்டி
மச்சினனுக்கு, மேஸ்திரிக்கு, ரேஷன் கடைக்காரருக்கு,
நம்பர் இருந்த அத்தனை பேருக்கும்.
பத்து நாளாய்க் குழாயடிக்கு அவள் வருவதில்லை.

நான் கவிதா இல்லை என்றேன்.
ஆதாரை எடுத்துக் காட்டினேன்,
தமயந்தி, தகப்பனார் ஏகாம்பரம்.
அட்டையில் இருப்பது என்னைப் போலவே இல்லை,
விளம்பரத்தில்தான் அச்சு அசல்.
அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.
'அப்ப அந்தம்மா யாரு?' என்றார்.

அடித்தேன். வடக்கே வண்டிப்பாதை,
தெற்கே ஓடைப் புறம்போக்கு.
கூலி வேண்டாமென்றேன்; கேட்கவில்லை,
மேஜைமேல் வைத்துவிட்டார், எடுத்துக்கொண்டேன்.
பெருவிரலை மையில் உருட்டப் போனவர்
'முழுசாப் படிச்சுக் காட்டும்மா' என்றார்.
படித்தேன்.
யாதொரு வில்லங்கமும் இல்லையென்று உறுதி கூறுகிறேன்
என்ற இடத்தில்
எனக்கு எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் மறுபடி வந்தது விளம்பரம்.
இப்போது ஊர் மதுரை. பையனுக்குப் பதில் பெண்.
கிழக்கே இருந்த வனமயிலின் நிழலை
வெட்டிவிட்டிருந்தார்கள்.