பயன்பாட்டின் நோக்கம்

"வண்டியை எதற்குப் பயன்படுத்துவீர்கள்?"
நொம்புசோ போனில் கேட்கிறாள்.
காப்பீட்டுப் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி.
வேலைக்கா, வியாபாரத்துக்கா, சொந்தத் தேவைக்கா?

சொந்தத் தேவை என்றால் என்னம்மா?
கொஞ்சம் பொறு. வீட்டுக்காரரைக் கேட்கிறேன்.

தயாளன் சொல்வது இது:
ஞாயிறு விடியலில், மினிபஸ் டாக்சிகள் எழும்பும் முன்,
துணிக்கூரையை மடித்துவிட்டு
எம்-ஃபோர் சாலையில் வடக்கே போக.
உம்ட்லோட்டி வளைவில் மூன்றாம் கியர்.
பலிட்டோவில் ஒரு காபி.
போகையில் கடல் ஓட்டுகிறவர் பக்கம்,
திரும்புகையில் கூட வருகிறவர் பக்கம்.
அவ்வளவுதான்.
முப்பத்தொரு வருஷம் கரும்பு லாரிகளுக்கு அடியில்
படுத்துக்கிடந்த மனுஷர்.
போய்ச்சேர ஓர் இடம் வேண்டாமாம்,
போனால் போதுமாம்.

என் கணக்கு வேறு.
அம்ஷ்லாங்கா பல் டாக்டர் வீட்டில்
இதை முதன்முதல் பார்த்தபோது
இவர் எஞ்சினைக் குனிந்து பார்த்தார்.
நான் டிக்கியைத் திறந்து சாண் போட்டேன்.
நீளம் நாலு, அகலம் மூன்று, ஆழம் ஒன்றரை.
பிரியாணி அண்டா போகாது.
மடக்கு நாற்காலி போகாது.
பின்சீட்டே கிடையாது.
வாங்கிவிடலாம் என்றேன்.
இவருக்கு ஒரே ஆச்சரியம்.

எங்களிடம் முன்பு ஒரு கோம்பி வேன் இருந்தது, நொம்புசோ.
ஷால்கிராஸில் யார் வீட்டுக் கல்யாணம்,
யார் வீட்டுப் பதினாறாம் நாள், எவர் மகளுக்கு விமானம்,
காவடிக்கு எத்தனை பேர்,
"நீலாவதி வண்டியில் இடமிருக்கும்."
இருந்தது.
எனக்குத்தான் அதில் இடம் குறைவு.
யாரோ ஒருவரின் பருப்புச் சட்டி
எப்போதும் என் மடியில்.

இனி யாராவது கேட்டால் சாவியை ஆட்டிக் காட்டுவேன்:
"ரெண்டே பேர்தான், என்ன செய்ய?"
அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான்
லட்சத்துப் பத்தாயிரம் ராண்ட்.
அதில் பாதி என் தையல் காசு.

"இதுவரை எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள்?"

பதினாலு.
மூன்று வாரம் மழை.
நாலாம் சனிக்கிழமை கூரையைத் திறந்துவைத்துவிட்டு
கேட்டைத் திறக்கப் போனார்.
திரும்பிப் பார்த்தால் இடப்பக்க சீட்டில் ஒரு குரங்கு.
அவருடைய கறுப்புக் கண்ணாடி அதன் கையில்.
நார்ட்ஜி பழத்தோல் கியர் மேலே.
மாமரத்தில் இன்னும் நாலு,
தங்கள் முறைக்குக் காத்திருப்பதுபோல.

நொம்புசோ சிரிப்பை அடக்குகிறாள்.
எங்கள் கூரை கிழிந்ததைச் சொன்னதும் அடக்கவில்லை.
அவள் வீட்டுச் சமையலறையிலும்
ரொட்டி திருடுகிறார்களாம்.

"முதன்மை ஓட்டுநர் யார்? ஒரே ஒரு பெயர்."

இவர் கெட்டிலைப் பார்த்தார்.
கெட்டில் கொதிக்கவில்லை, கரண்ட் இல்லை.
நான் என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
நீ-லா-வ-தி.
இரண்டு முறை.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
முந்தின இரவும் மின்வெட்டு, எட்டிலிருந்து பத்தரை.
போனுக்குச் சார்ஜ் ஏற்ற
கராஜில் வண்டிக்குள் போய் உட்கார்ந்தோம்.
யார் ஓட்டுவது என்று சண்டை.
பெரிய சண்டை.
வேறு அறைக்குப் போக அங்கே அறை இல்லை,
பின்னால் சாய்ந்து முகம் திருப்ப சீட் இல்லை.
முழங்கை வைக்கக்கூட
முறை பார்க்க வேண்டிய வண்டி.

நெடுநேரம் கழித்து
கியர்மேல் கை வைத்து
"கிளட்ச்" என்றார்.
மிதித்தேன்.
ஒன்று, இரண்டு.
எஞ்சின் அணைந்திருந்தது.
முன்னால் கராஜ் கதவு,
அதில் பழைய கோம்பி இடித்த பள்ளம்.

"வளைவு வருது" என்றார்.
மூன்றாம் கியர்.
மெல்லத் திருப்பினேன்.

"கடல் உன் பக்கம்" என்றார்.