பதினோரு மாதம்

ஜூன் ஒன்றில் ஆர்டர் வரும்.
ஏப்ரல் முப்பதில் காலாவதி.
மே மாதத்தில் கல்லூரிக்கு நான் யாருமில்லை.

பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான்.
பயிற்றுநர் என்பதற்கு முன்னால் 'கௌரவ' என்றொரு சொல்,
அதை கிளார்க் ஜெயசிங்
ஆண்டுக்கொரு புதிய பிழையோடு தட்டச்சு செய்வார்.
கோவாவில் நான்கு சீசன், கொல்கத்தாவில் இரண்டு
என்று எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தைப் படித்து
முதல்வர் கேட்டது ஒன்றே ஒன்று:
"ஆண்டுவிழாப் பந்தல் பிரித்தபின்
மைதானத்துக் குழிகளை மூடுவது உங்கள் பொறுப்புதானே?"

மூடினேன். மூடிக்கொண்டிருக்கிறேன்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் மைதானம்.
ஒருபுறம் ரப்பர், மறுபுறம் லாரி ஷெட்.
மேற்கே ஓங்கி உதைத்தால் பந்து கேரளாவில் விழும் என்பார்கள்.
எடுத்துவரப் போகிறவன்
சாயா குடித்துவிட்டுத்தான் திரும்புவான்.

பலகையில் என் கையெழுத்தில் ஒரு விதி:
காசுக்குச் செவன்ஸ் ஆடுகிறவனுக்கு அணியில் இடமில்லை.
கணுக்கால் போகும், பல்கலைக்கழகம் தடை போடும்.
என் இடது முட்டி
எந்த வயல் வரப்பில் கிடக்கிறதென்று
எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் மே வரும்.
பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பீஸும் வரும்.

நெய்யாற்றின்கரைக்கு அப்பால், அறுத்த வயல்,
மூங்கில் கேலரி, நான்கு கம்பத்தில் விளக்கு.
ஆயிரத்தைந்நூறு ரூபாய், பொரோட்டா, பீஃப்.
"பெங்களூரின் பாபு!" என்று மைக் அலறியது.
நாற்பத்தொன்று வயது கிளீட்டஸ்
சாக்ஸை முட்டிவரை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

எதிரணியில் ஏழாம் நம்பர்,
தலைக்குச் செம்பட்டைச் சாயம்,
மைக்குக்கு அவன் ரிக்கி.
பந்து காலுக்கு வருமுன்னே இடத்தோளை இறக்குகிறான்.

அந்தத் தோளை நான் அறிவேன்.
இறக்காதேடா, இறக்கினால் காட்டிக்கொடுக்கும் என்று
இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவன் நான்.
பி.காம். இரண்டாமாண்டு, ஷிபின்.

அவனும் பார்த்தான்.
ஒரு மூச்சு நேரம் பந்தே நின்றது போலிருந்தது.
பிறகு தோள் இறங்கியது,
நான் இடப்பக்கம் பாய்ந்தேன்,
பந்து என் இரு கால்களுக்கும் நடுவே
சாவகாசமாகப் போயிற்று.

கேலரி சிரித்த சிரிப்பில் ஒரு விளக்கு ஆடியது.
பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தேன்.
பாபுவுக்கு அந்தப் பெயர் தெரியாது.

இரண்டாம் பாதியில் அவனைச் சாய்த்தேன்.
சுத்தமான டேக்கிள் இல்லை, ரெஃபரி பார்க்கவும் இல்லை.
கை நீட்டினேன்.
பற்றி எழுந்து, தொடையில் மண்ணைத் தட்டி,
"ஒண்ணுமில்ல சேட்டா" என்றான்.

சேட்டா.
திரும்பும் பஸ்ஸில், பாறசாலை தாண்டும்வரை
வலியைவிட அந்தச் சொல்தான்
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

ஜூன் ஒன்று. ஆர்டர் வந்தது.
இந்த முறை 'கௌவர'.

வருகைப்பதிவேட்டில் அவன் பெயர் வந்தபோது தலையைத் தூக்கினேன்.
மொட்டை அடித்திருந்தான்.
"தொடையில என்ன?"
"பைக்குல விழுந்துட்டேன் சார்."
கொஞ்சம் பொறுத்து,
"உங்க முட்டிக்கு என்ன சார்?"
"மழையில படி வழுக்கிருச்சு."

ஒரு டிக் போட்டேன்.

மழை விட்ட மாலை, முதல் பயிற்சி.
அவன் தோளை இறக்கினான். கத்தவில்லை நான்.
தடுப்பாட்டக்காரர்களை மட்டும் ஓரமாக அழைத்து
தணிந்த குரலில் சொன்னேன்:
"யாரும் இடப்பக்கம் போகாதீங்க."