நாடி பார்ப்பது

வொர்குதாவில் மைனஸ் முப்பது.
நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதிர்வரிசையில் கடை.
சோப்பு, பிளேடு, மழிநுரை,
கண்ணாடி அலமாரிக்குள் ஆஃப்டர் ஷேவ்.
சாவி என் கழுத்தில்.

மருத்துவமனையில் மணிக்கட்டில் பார்ப்பார்கள் நாடி.
நான் முகத்தில் பார்க்கிறேன்.
வழவழவென்று மழித்த நாடி என்றால் குப்பி கன்னத்துக்கு.
நாலு நாள் முள் என்றால் சொல்வதற்கில்லை.
தாடி என்றால்
தொண்டைக்கு.

கெலாசிக்கு மார்புவரை தாடி.
வெள்ளிதோறும் மூன்று குப்பி.
"யாருக்கு?"
"தம்பிக்கு, லிதியா."
எத்தனை கன்னம் அந்தத் தம்பிக்கு?
கேட்டதில்லை. சம்பளம் போட்ட நாளில்
யாரும் யாரையும் கேட்பதில்லை இங்கே.
பச்சைக் குப்பியை எடுத்தால் தலையாட்டுவான்:
"அது வேண்டாம், எண்ணெய் கசக்கும்."
சொன்ன பிறகு
நாக்கைக் கடித்துக்கொள்வான்.

பிப்ரவரியில்
கொதிகலன் அறைப் பையன்கள் இரண்டு பேருக்கு
ஒரே இரவில் கண் போனது.
எங்கள் கடைச் சரக்கு இல்லை என்றார்கள்.
இருந்தும் முதலாளியம்மா ராயிசா
அட்டையில் எழுதி ஒட்டினாள்:
தாடி வைத்தவர்களுக்கு விற்பதில்லை.
சிரித்தவர்கள் சிரித்தார்கள்.
நான் சிரித்தேனா, நினைவில்லை.

அடுத்த வெள்ளி வந்தவனை
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
கண்ணைச் சுற்றிக் கரி. அதற்குக் கீழே
வெயிலே படாத வெள்ளை,
உரித்த உருளைக்கிழங்கு மாதிரி.
ஏழெட்டு வெட்டு. ஒவ்வொன்றின் மேலும்
செய்தித்தாள் துணுக்கு, ஒன்றில் பாதி எழுத்து.
நாடியில் ஒரு குழி.
இத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தான்?

"ஒரு குப்பி."
மூன்று இல்லையா என்று வாய்வரை வந்தது.
சாவியைத் திருப்பினேன். நீலம்.

வரிசையில் அத்தனை பேர் பார்க்க
அங்கேயே மூடியைத் திருகி
உள்ளங்கையில் கொட்டி
இரண்டு கன்னத்திலும் அறைந்துகொண்டான்.
யாரோ அவனை அடித்த மாதிரி ஒரு சத்தம்.
எரிச்சலில் கண்ணில் தண்ணீர்.
ரொட்டிப் பையோடு நின்றவள் கைதட்டினாள்.
கடை முழுக்க எலுமிச்சை, ஏதோ மரப்பட்டை.
ஆறு வருடமாக விற்கிறேன்,
அது மணக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

மீதிச் சில்லறையை மறந்து நடந்தான்.
வெளியே போய், விளக்குக் கம்பத்தடியில் நின்று
அந்தக் கையை முகத்தருகே கொண்டுபோனான்.
மூக்குக்குத்தான்.
மூக்குக்குத்தான் என்று நினைக்கிறேன்.
ஜன்னலில் பாதி பனி.