அரிசிக்குள் பணம்

மூன்று வருஷம் ஆகப் போகிறது.
தவ்கே கடை நாள்காட்டியில்
இன்னமும் புள்ளி வைக்கிறார்,
பல் துலக்குமுன், பென்சிலால்.
தீபாவளிக்கும் புள்ளிதான்.
அவர் அம்மா செத்த அன்றைக்கும் புள்ளிதான்.

சிலிம் ரிவரில் எல்லாருக்கும் தெரியும்
சந்திரகாசன் விட்டுட்டான் என்று.
"நீ கொடுத்து வைத்தவள்" என்கிறார்கள்
பசார் மாலாமில், கீரைக் கட்டை உதறிக்கொண்டே.
கொடுத்ததும் நான்தான்.
வைத்ததும் நான்தான்.

குடித்த மனிதனோடு வாழ எனக்குத் தெரியும்.
முச்சந்தியில் மோட்டார் திரும்பும் சத்தத்திலேயே
எத்தனை டின் என்று சொல்லிவிடுவேன்.
கியர் மாற்ற மறந்தால் நான்கு.
காரணமில்லாமல் ஹாரன் அடித்தால் சம்சு.
சத்தமே இல்லையென்றால்
டார்ச்சை எடுத்துக்கொண்டு
செம்பனை நிரைக்குள் நடக்க வேண்டும்.
விட்ட மனிதனோடு எப்படி வாழ்வதென்று
யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது ஏழு மணிக்கு வீட்டில் இருக்கிறார்.
அதுதான் சிரமம்.
கரண்டு பில்லை எடுத்துப் பார்க்கிறார்.
ரசத்தில் உப்பு குறைவு என்கிறார்,
பத்து வருஷம் எதைத் தின்றோம் என்றே அறியாதவர்.
தீனன் ரிப்போர்ட் கார்டில்
நான் கையெழுத்துப் போட்ட பிறகு
"அப்பான்னு ஒரு கோடு இருக்கே"
என்று நிற்கிறார்.

வியாழன்தோறும் தஞ்சோங் மாலிமில் ஒரு பின்னறை.
பிளாஸ்டிக் நாற்காலிகள், பதினொரு ஆண்கள், ஒரு பெண்.
என்ன பேசினீர்கள் என்றால்
"பேசினோம்" என்பார்.
அங்கே அழுகிறாராம்.
எனக்கு அந்த நாற்காலிகள் மேல்
கொஞ்சம் பொறாமை.

கல்யாண வீட்டில் அவர் கையில் ஆரஞ்சுத் தண்ணி.
என் கண் அந்தக் கோப்பையில்.
அது அவருக்கும் தெரியும்.
தூரத்திலிருந்தே
என் பக்கமாய்ச் சாய்த்துக் காட்டுவார்.

போன செவ்வாய் மழை.
ஏழரை. எட்டு. எட்டே முக்கால்.
போன் எடுக்கவில்லை.
வீட்டில் யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.
என் கை தானாகப் போய்
மைலோ டப்பாவிலிருந்த நூற்றெண்பது வெள்ளியை
அரிசிப் பானைக்குள் புதைத்தது.
பாராங்கத்தியை
குளியலறைக் கூரை இடுக்கில் செருகியது.
தீனன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.
யுகேஸ்வரி, ஃபார்ம் ஃபோர் படிப்பவள்,
சப்பாத்து மாட்டி, பையைத் தோளில் போட்டுப்
பின்கதவோரம் நின்றாள்,
ஏழு வயதில் நின்ற
அதே சிமெண்டு விரிசலின் மேல்.

ஒன்பதேகாலுக்கு வந்தார்,
மோட்டாரைத் தள்ளிக்கொண்டு.
மில்லைத் தாண்டியதும் செயின் அறுந்ததாம்,
ஆறு கிலோமீட்டர், போனுக்குள் தண்ணீராம்.
இதெல்லாம் பிறகு தெரிந்தது.
அப்போது சொல்ல வாய் திறந்தவர்
மகளின் சப்பாத்தைப் பார்த்தார்.
பையைப் பார்த்தார்.
சொல்லவில்லை.

அவள் முன்னால் போய் முட்டி மடக்கி,
முகத்திலிருந்து மழை சொட்டச் சொட்ட,
"ஊதிக் காட்டவாம்மா?" என்றார்.

வேண்டாம் என்பாள் என்றிருந்தேன்.
"ம்" என்றாள்.

ஊதினார்.
ரோட்டில் போலீஸ்காரனுக்கு ஊதுவதுபோல,
நெஞ்சு காலியாகும் வரை.
அவள் கண்ணை மூடி
மூக்கை அருகே கொண்டுபோய்
அவசரமில்லாமல் மோந்தாள்.
பூண்டு. கோப்பி ஓ. பசித்த வயிறு.
"பல் விளக்குங்கப்பா" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
பையை இறக்கி வைக்க
அவளுக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆனது.

காலையில் புள்ளி வைத்துவிட்டு
தீனன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.
முட்டி இரண்டும் ஹாண்டிலில் இடித்தன.
வளைவு தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு கத்தியை இறக்கினேன்.
பானைக்குள் கைவிட்டுப் பணத்தை எடுத்தேன்.
நோட்டு மடிப்பில் இரண்டு மூன்று அரிசி.

நூறு வெள்ளியை டப்பாவில் போட்டேன்.
எண்பதைத் திரும்ப
அரிசிக்குள்ளேயே.