ஓட்டுநர் இருக்கைக்கு வெளியே

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்.
டிப்போவில் டீ ஆறிக்கொண்டிருந்த நேரம்,
அபெரிஸ்ட்வித்திலிருந்து கார்டிஃப் வரை
சைக்கிளில் போக ஆள் வேண்டுமாம்,
டயாலிசிஸ் பிரிவுக்கு இன்னொரு நாற்காலி வாங்க.
"நூற்றுப்பத்து மைல்தானே" என்றேன்.
இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவளுக்கு
மைல் என்பது
வலது பாதத்தின் சின்ன அழுத்தம்.

சைக்கிள், கறிக்கடை மெய்ரிக் கொடுத்தது.
அவர் மகன் காலுக்கு அளவெடுத்தது.
சீட்டை இறக்கினார், இறக்கினார்,
இனி இறக்க இடமில்லை என்றார்.
புறப்படும்போது தாளில் சுற்றிய
நாலு சாசேஜையும் கூடையில் போட்டார்,
இரும்புச்சத்து என்று.

முதல் நாள் கடற்கரைச் சாலை.
சமதளம். நாலே மைல்.
வீட்டு மாடிப்படியை அன்றிரவு
உட்கார்ந்தபடி, பின்புறமாக, ஏறினேன்.
பூனை கூடவே வந்தது,
ஒவ்வொரு படியிலும் காத்திருந்து.

பஞ்சு வைத்த கால்சட்டைக்குள்
உள்ளாடை போடக்கூடாதாம்.
இதைச் சொல்லக் கடைப்பையனுக்குக் கூச்சம்.
அவன் கூச்சத்துக்காக நான்
ஆறு நாள் ஸ்டியரிங் முன்னால்
ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன்.

பிறகு லான்வாரியன் ஏற்றம்.
அதை ஏற்றம் என்று நேற்றுவரை
யாரும் என்னிடம் சொன்னதில்லை.
இந்தச் சாலையைத் தெரியும் என்றிருந்தேன்;
தெரிந்ததெல்லாம் வளைவுகள்.
சாய்வு எஞ்சினுக்குத் தெரிந்திருக்கிறது,
வாயே திறக்கவில்லை.
பாதியில் இறங்கித் தள்ளினேன்.
முள்வேலியில் ஆட்டுமயிர்,
சாலைக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம்,
ஒரு கேட்டில் பெயிண்ட் உதிர்ந்த பெயர்.
இத்தனை வருடமும் இவையெல்லாம் இங்கேதான் இருந்தனவா?

செவ்வாய், வியாழன், சனி
என் பஸ்ஸின் முதல் சீட் எம்ரிஸுக்கு.
முப்பத்தொன்பது வயது. கூரை ஓடு மாற்றுபவன்,
இப்போது ஏணி ஏறுவதில்லை.
ஐந்து பவுண்ட் எழுதினான்,
பாதியில் திரும்பினால் பாதியைத் திருப்பித் தரவேண்டும்
என்ற நிபந்தனையோடு.
பயிற்சி எப்படி என்று கேட்டான்.
சொல்லிக்கொண்டே வந்தேன், நாக்கில் சனி,
"மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கணுமாம்,
யாரால் முடியும்?"
"எனக்கு ஒரு நாளைக்கே அவ்வளவுதான்" என்று
சிரித்தான் எம்ரிஸ்.
தேவையே இல்லாமல் கியர் மாற்றினேன்.

சமையலறைத் தரையில் ட்யூப் மாற்றப் பழகினேன்.
ஸ்பூன் போட்டு நெம்பாதே என்றிருந்தார்கள்.
நெம்பினேன்.
ஒரு ஓட்டை இரண்டானது.
மூன்றாம் முறை காற்று நின்றபோது மணி பதினொன்று,
கைதட்ட ஆளில்லாமல்
டயரையே இரண்டு தட்டு தட்டினேன்.

இன்று விடுமுறை. மறுபடி அதே ஏற்றம்.
நடுவில் பின்னால் ஒரு உறுமல்;
எந்த வண்டி என்று முதுகுக்குத் தெரியும்.
ஓட்டுபவள் காட்ரின்.
ஹாரன் வரும் என்று தோளைக் குறுக்கினேன்,
நானாயிருந்தால் அடித்திருப்பேன்.
அடித்திருக்கிறேன்,
எத்தனையோ முறை, இதே இடத்தில்,
இரண்டு நிமிடத் தாமதத்துக்காக,
ஹெல்மெட் போட்ட எத்தனையோ முதுகுகளைப் பார்த்து.

ஹாரன் வரவில்லை.
முந்த இடமில்லையா, மனம் வரவில்லையா,
கேட்கப்போவதில்லை.
நடக்கிற வேகத்தில் நாங்கள் ஏறினோம்,
நானும், பதினேழு பயணிகளும்,
நேரம் தப்பிய கால அட்டவணையும்.
இறங்கவில்லை. தள்ளவில்லை.

உச்சியில் ஒதுங்கி நின்றேன்.
மூச்சு காது வழியாகப் போனது.
பாட்டிலை உதட்டுக்குக் கொண்டுபோன நேரம்
பஸ் கடந்தது;
முதல் சீட்டில் எம்ரிஸ்,
ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறான்,
முழங்கையில் வெள்ளைக் கட்டு.
கை அப்படியே நின்றுவிட்டது எனக்கு.
அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினான்,
குடி, குடி என்று,
கொஞ்சம் எரிச்சலோடு.

குடித்தேன்.
இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.
பின் பிரேக் மட்டும் லேசாக உரசுகிறது.