ஒன்பதாம் வரிசை

மதுரை ஜங்ஷன் மேற்கு வாசல், டூவீலர் ஸ்டாண்டு.
இரவு ஷிப்ட் எனக்கு.
டோக்கன் கட்டுக்குப் பக்கத்தில் போன்,
போனில் கணக்கு:
கூட்டினால் இலக்கு வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடி.

ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பார்த்தேன்.
நேரம் கடந்தது என்றது திரை, சிவப்பில்.
என் ஸ்கொயர். இந்த வேகத்தில் போனால்
வேலை கிடைப்பதற்குள் பென்ஷன் வந்துவிடும்.

அப்புறம்தான் ஹேஷ் டேபிள்.
வருகிற எண்ணை வாசலில் நிறுத்தி
உன் மிச்சம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று
ஒரே கேள்வி.
இருந்தால் முடிந்தது. இல்லையா, நீயும் போய் உட்கார்.

இதை ஸ்டாண்டிலும் செய்யலாமே என்று
போன ஆடியில் அமல்தாஸ் அண்ணனிடம் சொன்னது நான்தான்.
நம்பர் பிளேட்டைக் கூட்டு, ஒற்றை இலக்கம் வரும்வரை;
அதுதான் வரிசை.
நல்ல யோசனை, ஆவணி முகூர்த்தம் பிறக்கும்வரை.

4527. 6363. 2736. 1008.
இந்த ஊரில் ஒரு பயலும்
கூட்டுத்தொகை பார்க்காமல் வண்டி எடுப்பதில்லை என்று
எந்தப் பாடத்திலும் போடவில்லை.
ஒன்பதாம் வரிசை டீக்கடை வரை வழிந்தது.
எட்டாம் வரிசையில் நாய் குட்டி போட்டது.
சராசரியில் ஒன்று, மோசமானால் என்.
இரண்டு முறை எழுதிப் படித்திருந்தேன்.
சோணைமுத்து படிக்காமலே
ஒன்பதில் ஒவ்வொரு வண்டியாய்த் தடவிக்கொண்டு போனான்,
என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

இப்போது கடைசி இரண்டு இலக்கம்.
சாக்பீஸில் நூறு கட்டம், வண்டி முன்னூற்று நாற்பது.
கட்டத்துக்கு மூன்று, மிஞ்சினால் ஐந்து.
கொட்டாவி முடிவதற்குள் எடுத்துத் தருவேன்.

விடியாத ஐந்து மணிக்கு, சென்னை ரயிலில் இறங்கி ஒருவர்.
டோக்கன் தொலைந்துவிட்டது.
நம்பர்? மச்சான் வண்டி, தெரியாது.
மச்சான்? போன் எடுக்கவில்லை.
கறுப்பு கலர்ம்மா.
கறுப்பே நூற்றறுபது நிற்கிறது.
சாவி இருக்கும்மா, என்று நீட்டினார்.

வண்டிக்குச் சாவி இருக்கிறது.
என் அட்டவணைக்குத்தான் இல்லை.

எவ்வளவு நேரமாகும்?
என், என்றேன்.
என்ன?
ஒண்ணுமில்ல, நடங்க சார்.

பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினோம்.
நுழைப்பார், திருகுவார், உதடு பிதுக்குவார்.
முப்பதைத் தாண்டும்போது
திருமங்கலத்தில் பத்து மணிக்கு வளைகாப்பு என்றார்.

ஐம்பத்திரண்டில் ஒரு ஸ்ப்ளெண்டர் திறந்துகொண்டது.
இருவரும் குனிந்தோம்.
டேங்க் கவரில் யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு,
பாதி தின்ற முறுக்கு.

இது இல்லம்மா, என்று பூட்டினார்.

ஐம்பத்து மூன்று.