மூன்று விரல் அகலம்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் ஆறு மணிக்குக் கப்பல்.
நாலு ஐம்பதுக்கு ஹானுஸ் என் நாற்காலியில்,
கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல்.
கீழ்க் கடைவாய், இடப்பக்கம்.
மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை என்கிறான்.
"ஊசி வேண்டாம். மாத்திரை எழுது, போய்விடுகிறேன்.
ஆறு வாரம் பாரென்ட்ஸ் கடலில்.
அங்கே பல் டாக்டர் என்றால்
எஞ்சின் ரூம் இடுக்கிதான்."

சிரிக்கிறான், பாதி முகத்தால்.

மாத்திரை எழுத இரண்டு நிமிடம்.
பிடுங்க நாற்பது. மரத்துப்போகவே பத்து,
சீழ் கட்டிய இடத்தில் ஊசி மருந்து மல்லுக்கு நிற்கும்,
இன்னும் ஐந்து சேர்த்துக்கொள்ளலாம்.
மர்யுன் கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்க்கிறாள்.
அவள் பஸ் ஐந்தேகாலுக்கு.
நான் படித்த எந்தப் புத்தகத்திலும்
இந்தக் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கவில்லை.

புத்தகத்தில் இருப்பது வேறு.
காய்ச்சல்? முப்பத்தேழு புள்ளி ஒன்று. இல்லை.
எச்சில் விழுங்க முடிகிறதா? முடிகிறது.
தாடைக்கு அடியில் தடவினேன்,
தாடி மட்டும் குத்தியது, வீக்கம் இல்லை.
வாயைத் திற. உன் விரல்களை நீயே வை.
ஒன்று, இரண்டு,
மூன்றும் நுழைந்தன, வலை இழுத்துத் தடித்த விரல்கள்.
நோய் இன்னும் வீட்டைவிட்டுத் தெருவில் இறங்கவில்லை.
வீட்டை இடித்தால் போதும், ஊருக்கு மருந்தடிக்க வேண்டாம்.

சொல்லச் சுலபம்தான்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை,
இதே நேரம், இதே நாற்காலி,
சோல்வா என்றொரு கணக்கு டீச்சர்.
அவளுக்குச் சீழே இல்லை.
பல்லுக்குள் நரம்பு செத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.
பென்சிலினுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.
தெரிந்தேதான் எழுதினேன்.
நீச்சல் குளத்து வாசலில் என் மகன்
ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தான்.
காரணம் என்ற கட்டத்தில் "தொற்று" என்று தட்டினேன்.
ஈரத் தலைக்கு அங்கே கட்டம் இல்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
நன்றி சொல்லி ஒரு பாட்டில் ஜாம் அனுப்பினாள்,
வீட்டில் காய்ச்சியது.
இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறேன்.
செய்த தப்பு திரும்பி வந்து கதவைத் தட்டியிருந்தால்
அதற்கு ஒரு முகமாவது இருந்திருக்கும்.
அந்த இருபத்தெட்டு மாத்திரைகளிடம்
தப்பிப் பிழைக்கக் கற்றுக்கொண்ட ஏதோ ஒன்று
எங்கோ, யார் குடலிலோ, உட்கார்ந்திருக்கலாம்.
உட்காராமலும் இருக்கலாம்.

"மர்யுன், நீ கிளம்பு" என்றேன்.
அவள் பதில் சொல்லாமல் கையுறையை மாட்டினாள்.

பல் மரியாதையாக வரவில்லை.
வேர் ஒன்று உடைந்தது, அதற்குத் தனியாக எட்டு நிமிடம்.
ஹானுஸ் கூரையில் ஒட்டியிருந்த மீன் படத்தை முறைத்தபடி
ஏதோ ஒரு சாமியையும் என்னையும் திட்டினான்.
பிறகு அந்த நாற்றம். பிறகு
அவன் தோள்கள் இறங்கின,
நங்கூரம் தரை தொட்டதுபோல.

பஞ்சைக் கடித்தபடி கேட்டான்: "ஆத்தியை?"

மாத்திரை உன் கப்பலிலேயே இருக்கிறது.
மருந்துப் பெட்டிச் சாவி கேப்டனிடம்.
மர்யுனின் மளிகைப் பட்டியலைத் திருப்பிப்போட்டு
உருளைக்கிழங்குக்குப் பின்பக்கம் எழுதினேன்:
காய்ச்சல் வந்தால். விழுங்க வலித்தால்.
மூன்று விரல் இரண்டாகிவிட்டால்.
அன்றைக்கே ரேடியோவில் டாக்டரைக் கூப்பிடு.
வீரம் காட்டாதே.

படித்தான். மடித்தான்.
இவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தான்.
பல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு
படியிறங்கி ஓடினான்.

கப்பல் பத்து நிமிடம் அவனுக்காக நின்றதாம்.
மர்யுனை நான்தான் வீட்டில் இறக்கிவிட்டேன்.

ராத்திரி காற்று வடக்கிலிருந்து.
செய்தது சரிதான். புரண்டு படுத்தேன்.
சரிதான். மறுபடி புரண்டு படுத்தேன்.
இருட்டில் வாயைத் திறந்து
என் மூன்று விரல்களை நிறுத்திப் பார்த்தேன்.
என் விரல்கள் மெல்லியவை.
இவற்றை வைத்து
அவன் வாயை அளக்க முடியாது.